முகம் அழிந்த செப்புக்காசுகள்

4 பிப்ரவரி 1996

அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். அப்பா இறந்தபோது நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. அதைக் கேட்க ஆரம்பித்தால் தாள் போதாது. என் மனைவிதான் எழுதச் சொன்னாள். "வீட்டில பாதி அவங்களோடது. அப்ப மண்ணுக்குள்ள கிடைச்சதும் பாதி அவங்களோடதுதானே, சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயை மாற்றினோம். எங்கள் வாரியத்தின் வேலை, மேற்பார்வை நான். தெரு முழுக்கத் தண்ணீர் வந்தது, மேற்பார்வை பார்த்தவன் வீட்டில் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு டைலர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுப் பழைய இணைப்பின் வால்வு பின்பக்கம் எங்கேயோ மண்ணுக்குள் போய்விட்டது. இப்படிப் புதைந்த வால்வுகளைத் தேட அலுவலகத்தில் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. நீளமான கம்பு, அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவு ஒரு வட்டம், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன். சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இரும்பு இருந்தால் கரகரவென்று கத்தும். செம்பு, பித்தளை என்றால் மணி அடித்த மாதிரி சுத்தமாகக் கேட்கும். காலை முழுக்க ஆணியும் சைக்கிள் செயினும்தான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போனபோது மணி அடித்தது. அந்தக் கல்லை அப்பா உயிரோடு இருந்தவரை நகர்த்த விட்டதே இல்லை. குளியலறை கட்டலாம் என்று நான் கேட்டபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது கேட்க யாரும் இல்லை. கடப்பாரை போட்டு நெம்பினேன்.

முழங்கால் ஆழத்தில் ஒரு பிஸ்கட் டின். துரு பிடித்து, தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே மெழுகுத்துணி. அதற்குள் வெள்ளைக்காரன் காலத்துச் செப்புக்காசுகள், நாற்பத்தொன்று. மூன்று நன்றாக இருக்கின்றன. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் வருஷம். மீதி முப்பத்தெட்டும் மொழுக்கென்று இருக்கின்றன. கை பட்டுத் தேய்ந்த காசு எனக்குத் தெரியும், இது அப்படி இல்லை. ஓரமெல்லாம் குதறி, கரைந்த சோப்பு மாதிரி இருக்கிறது.

அப்பா இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். மியூசியத்தில் நாணயக் கூடத்துக்கு முப்பது வருஷம் பொறுப்பாளராக இருந்தவருக்கு, சொந்த வீட்டுக் கொல்லையிலேயே பழைய காசு கிடந்தது தெரியாமல் போயிருக்கிறது. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உங்கள் பங்கு இருபதரைக் காசு. அரைக் காசை எப்படி வெட்டுவது என்று யோசித்து எழுதவும்.

தம்பி.


13 பிப்ரவரி 1996

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. இனியும் அப்படியே அனுப்பு. போன் செய்யாதே. போன் ஹாலில் இருக்கிறது. நான் பேசுவதை வீடே கேட்கும்.

என்னை எப்போதிருந்து 'நீங்கள்' என்கிறாய்? ஒன்பது வயது மூத்தவள் என்பது திடீரென்று ஞாபகம் வந்ததா? உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு அந்த ஒரு சொல்லே போதுமான தண்டனைதான். தெரிந்தேதான் எழுதியிருக்கிறாய்.

காசு எனக்கு வேண்டாம். முழுவதும் நீயே வைத்துக்கொள். இல்லை, வைத்துக்கொள்ள வேண்டாம். எடுத்த இடத்திலேயே போட்டு மூடிவிடு. கல்லைப் பழையபடி வைத்துவிடு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அலுவலகத்துக் கருவியைக் கேட்காமல் எடுத்து வந்திருக்கிறாய், பழைய காசு கிடைத்தால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நாளை ஒன்று கிடக்க ஒன்று ஆனால் உன் வேலைக்குத்தான் ஆபத்து. யாரிடமும் காட்டாதே. டைலரிடம் காட்டியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

நீ எட்டு வயதுப் பையனாக இருந்தபோது அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவாய்.

மூடிவிட்டேன் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அக்கா.


20 பிப்ரவரி 1996

அக்கா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன்.

மூடவில்லை. உன் கடிதம் வருவதற்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. அந்த மூன்று நல்ல காசுகளையும் பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தண்ணீரில் தேய்த்தேன். மண் போனதும் ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு எண் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் அப்பாவோடு மியூசியத்துக்குப் போகும்போது பார்த்திருக்கிறேனே, மெல்லிய தூரிகையால் காசு ஓரத்தில் எண் எழுதுவார்கள். இவை மியூசியத்துக் காசுகள். காணாமல் போன காசுகள்.

உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. அறுபத்திரண்டில் மந்திரி பார்வையிட வந்த அன்று காலையில் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று அப்பாவிடம், இன்னொன்று உதவியாளனிடம். அவன் எட்டு மாதம் உள்ளே இருந்தான். கடைசிவரை காசு கிடைக்கவில்லை. வெளியே வந்தவனுக்கு ஊர் வைத்த பெயர் 'செப்புக்காசு'. இப்போது ஐம்பத்தாறு வயது இருக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டவ்வும் குடையும் ரிப்பேர் செய்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட "செப்புக்காசு, எங்க குடை ஆச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவன் அந்தக் காலத்தில் அப்பாவைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்து போவான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எவ்வளவு துணிச்சல் பார். திருடியதை அப்பாவின் காலடியிலேயே புதைத்திருக்கிறான். போலீஸ் எங்கே தேடினாலும் அங்கே தேட மாட்டார்களே. அப்பா அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து ஷேவ் செய்துகொள்வார். கீழே அந்தத் துரோகம் கிடந்திருக்கிறது.

மியூசியத்துக்குப் புதிதாக ஒரு பெண் அதிகாரி வந்திருக்கிறார். நல்ல மாதிரி. அவரிடம் நாற்பத்தொன்றையும் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். வால்வு தேடிப் போய்க் கிடைத்தது என்று உள்ளதைச் சொன்னேன். பழைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

வரும் வழியில் அவன் கடையில் நின்றேன். நிற்காமல் இருக்க முடியவில்லை. "காசு கிடைச்சிருச்சு" என்றேன். ஸ்டவ் பர்னரின் அடைப்பை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க?"

"எங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்தான். அன்று மூடிய கடையை இன்றோடு நான்கு நாளாகத் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு வேறு என்ன செய்யும்?

தம்பி.


25 பிப்ரவரி 1996

தம்பி,

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய்.

அவரிடம் இனி ஒரு வார்த்தைகூடப் பேசாதே. அவர் கடைப் பக்கம் போகாதே. கடை திறந்துவிட்டதா என்று மட்டும் தூரத்தில் இருந்து பார்த்து உடனே எழுது. அவர் தனியாக இருக்கிறாரா, வீட்டில் துணைக்கு யாராவது உண்டா, நன்றாக இருக்கிறாரா என்று விசாரி. உன் மனைவியை அனுப்பு. குடை கொடுக்கிற மாதிரி போகட்டும்.

அந்த அதிகாரி எது கேட்டாலும் தெரியாது என்று சொல். எதிலும் கையெழுத்துப் போடாதே.

இன்று வகுப்பில் உலக வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பத்து நிமிஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

அக்கா.


2 மார்ச் 1996

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு எதுவும் சரியாகப் படவில்லை. ஒரு திருடனுக்கு 'அவர்' போடுகிறாய். அவன் தனியாக இருக்கிறானா என்று கவலைப்படுகிறாய். பெற்ற அப்பா மூச்சு விடத் திணறிக்கொண்டு கிடந்தபோது இந்தக் கவலை எங்கே போயிற்று? அந்த மாதம் ஒரே ஒரு மத்தியானம் வந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவிடம் ஏதோ பேசினாய். அழுதுகொண்டே பஸ் ஏறினாய். அதற்கப்புறம் அவர் உயிர் போன சேதிக்கும் வரவில்லை. "அக்கா வருவாளாடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கொல்லையையே பார்ப்பார். அதையெல்லாம் நான் ஒருவன்தான் பார்த்தேன்.

என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடை இன்னும் மூடித்தான் இருக்கிறது. வீடு கடைக்குப் பின்னாலேயே ஒரே அறை. கதவைத் தட்டியிருக்கிறாள். "குடை இன்னைக்கு இல்லம்மா, உடம்பு முடியல" என்று உள்ளே இருந்தே குரல் வந்திருக்கிறது. தனி ஆள்தான். அவன் அம்மா இறந்து பல வருஷமாகிறது. தங்கை ஒருத்தி எங்கோ கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாளாம், போக்குவரத்து இல்லை.

இப்போது முக்கியமான சேதி. அதிகாரி பழைய கோப்பைக் கண்டுபிடித்துவிட்டார். எண்கள் பொருந்துகின்றன. போலீஸுக்கு எழுதுவதற்கு முன்னால் என் வாக்குமூலம் வேண்டுமாம். உதவியாளன் நம் வீட்டுக்கு வந்து போனவன், கொல்லை வரை அவனுக்குப் பழக்கம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினொன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். கோப்பில் உன் பெயரும் இருக்கிறது. போலீஸ் அப்போது உன்னையும் ஏதோ கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு எட்டு வயது. உனக்குப் பதினேழு. உனக்குத் தெரிந்திருக்கும். அவன் கொல்லைப் பக்கம் வருவானா, மாட்டானா? பதினொன்றாம் தேதிக்குள் எழுது. எழுதாவிட்டால் எனக்குப் பட்டதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

தம்பி.


6 மார்ச் 1996

தம்பிக்கு,

இதைப் பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். படிக்கும்போது பக்கத்தில் யாரும் வேண்டாம்.

அவர் எடுக்கவில்லை. அப்பாவும் திருடவில்லை. காசுகளைக் கெடுத்தவள் நான்.

மந்திரி வருவதற்கு நான்கு நாள் முன்னால் அப்பா ஒரு துணிப்பையில் அந்தக் காசுகளை வீட்டுக்குக் கொண்டு வந்தார். களிம்பு ஏறிக் கறுத்துப்போய் இருந்தன. காட்சிக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும், மியூசியத்தில் ஆட்கள் எல்லோரும் பந்தல் வேலையில் இருக்கிறார்கள், எண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைக்க வேண்டும் என்றார். வெளியே எடுத்து வரக் கூடாது என்று விதி. அது அவருக்குத் தெரியும். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. நான்தான் அப்போது கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் வாங்குகிறவளாயிற்றே. களிம்பை ஆசிட் அரித்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருந்து ஒரு சின்னப் பாட்டில் நைட்ரிக் ஆசிட் எடுத்து வந்தேன். அப்பா சாயங்காலம் வரும்போது எல்லாம் தங்கம் மாதிரி பளபளக்க வேண்டும், அவர் அசந்து போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு காசைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. நேரம் ஆகிறதே என்று அதோடு மீதியையும் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினேன். பழுப்பு நிறத்தில் புகை எழும்பியது. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. கொல்லைக்கு ஓடிவிட்டேன். புகை அடங்கித் திரும்பி வந்து பார்த்தபோது கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர். அதற்குள் முகம் இல்லாத காசுகள். கிண்ணம் கொள்ளாமல் துணியில் விட்டிருந்த மூன்று மட்டும்தான் தப்பியவை.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "நீ எதையும் பார்க்கல. நான் எதையும் கொண்டு வரல" என்றார். அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். இருட்டுவதற்குள் கல்லை நகர்த்திக் குழி வெட்டினார். நான் தண்ணீர் தெளித்து மண்ணை மிதித்துக் கொடுத்தேன்.

உதவியாளருக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்க அப்பா நினைக்கவில்லை. யாரோ வெளி ஆள் எடுத்துவிட்டான் என்று முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார். ஆனால் பூட்டு உடையவில்லையே, சாவியால் திறந்ததுதானே. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்: "உங்கப்பா மியூசியத்துல இருந்து ஏதாவது எடுத்துட்டு வருவாராம்மா?" நான் இல்லை என்றேன். அந்த ஒரு சொல் கோப்பில் இருக்கிறது. அதுதான் என் பெயர் அதில் இருப்பதற்குக் காரணம்.

அவரைப் பிடித்துக்கொண்டு போன இரண்டாம் நாள் அவருடைய அம்மா நம் வாசலில் வந்து நின்றார். "ஐயா ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா அறைக்குள் இருந்து வெளியே வரவில்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டு, "நீ நல்லா இருக்கணும்டா கண்ணு" என்றார்.

அதற்கு மேல் கெமிஸ்ட்ரி புத்தகத்தை என்னால் திறக்க முடியவில்லை. படிப்பைப் பாதியில் விட்டேன் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். பேசாமல் பூகோளம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக வந்த அந்த மத்தியானம் அப்பாவைக் கெஞ்சினேன். "இப்பவாவது சொல்லிடுவோம்பா, அவர் உயிரோட இருக்காரு." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் நல்லவனா போறேன்மா, விட்டுடு" என்றார். அப்படியானால் உங்களைப் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி செய்தேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது.

நீ கையெழுத்துப் போட்டுவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா.


24 மார்ச் 1996

தம்பி,

பதினெட்டு நாளாயிற்று. கடிதம் கிடைத்ததா? பதினொன்றாம் தேதி என்ன நடந்தது? தினமும் தபால் வரும் நேரத்துக்கு வகுப்பை விட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்து நிற்கிறேன். பியூன் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தாலும் சொல். திட்டியாவது எழுது.

வீட்டு வாசலில் யார் மணி அடித்தாலும் போலீஸ் என்று நினைக்கிறேன். நேற்று காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

அக்கா.


29 மார்ச் 1996

அக்கா,

கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதம் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் வந்த வார்த்தைகள் எழுதக்கூடியவை இல்லை. அதனால் எழுதவில்லை.

அப்பா என்றால் எனக்கு என்ன தெரியுமா? சைக்கிள் கடையில் பத்துப் பைசா அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்தவர். அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் என் மகளை வளர்க்கிறேன். இப்போது ஹாலில் அவர் படத்தைத் தாண்டிப் போகும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன். உன் மேல் கோபமா, அவர் மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நான் அந்த மனிதனிடம் போய் நின்று, "உனக்குத் தெரியாதா" என்று கேட்டேனே. அந்தக் கோபம் என் மேல்தான்.

அதிகாரி கெட்டிக்காரி. என்னைக் கேட்காமலே பாதியைக் கண்டுபிடித்துவிட்டார். "இது ஆசிட் பட்டது. திருடுறவன் எதுக்கு ஆசிட்ல போடுவான்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்குள் கோப்பை முடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். வேறு தகவல் வராவிட்டால், 'முன்னாள் பொறுப்பாளர் வீட்டில் கண்டெடுக்கப்பட்டது' என்று எழுதுவார். அப்படி எழுதினால் அப்பா திருடன் என்றுதான் படிப்பார்கள். அவர் திருடவில்லை. அந்த மனிதரும் இன்னும் பாதித் திருடனாகவே இருப்பார். இரண்டு சாவியில் ஒன்று அவருடையதுதானே.

நான் பொய் சொல்லப் போவதில்லை. உன்னைக் காட்டிக் கொடுக்கவும் போவதில்லை. இதற்கு நடுவில் நிற்க எனக்கு இடம் இல்லை. நீ முடிவு செய்.

கடை திறந்துவிட்டது. நேற்று அந்த வழியாகப் போனேன். என்னைப் பார்த்தார். நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

தம்பி.


12 ஏப்ரல் 1996

தம்பிக்கு,

இது தபாலில் வராது. உன் ஊரில்தான் இருக்கிறேன், பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியில். நேற்று மாலை உன் வீட்டு வாசல்வரை வந்தேன். உன் மகள் படியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். "யாரு வேணும்?" என்றாள். வழி தவறிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவள் என்னைப் பார்த்ததே இல்லையே.

போன வாரம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "முப்பது வருஷமா இதை வச்சுக்கிட்டா எனக்குக் காபி போட்டுக் கொடுத்த?" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் பஸ் ஏற்றிவிட வந்தார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

முதலில் மியூசியத்துக்குப் போகலாம் என்றுதான் வந்தேன். இறங்கியதும் கால் அங்கே போகவில்லை. அவருக்குத் தெரியாமல் முதலில் கோப்புக்குச் சொல்வது இன்னொரு தப்பு என்று தோன்றியது. கடைக்குப் போனேன். ஒரு ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். முடி எல்லாம் நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. "குடையாம்மா?" என்றார்.

நான் யாருடைய மகள் என்று சொன்னேன். பிறகு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் வரிசை குழம்பிவிட்டது. ஆசிட் என்றேன், கல் என்றேன், போலீஸ்காரர் என்றேன். அவர் கையில் இருந்த துணியால் ஒரே திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் கேட்டார்.

"அது நைட்ரிக்கா?"

"ஆமா."

"அதைப் போய் செம்புல ஊத்தலாமா? எண்ணெய்ல ஊறப் போட்டு மூங்கில் குச்சியால களிம்பை எடுக்கணும். ஐயா என்கிட்ட கொடுத்திருந்தா நானே செஞ்சிருப்பேனே. ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருப்பேன்."

அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. நான் அங்கேயே, அந்த எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்கு வராதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையில் இல்லாத சாமானைக் கேட்டால் கடைக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். "எங்கம்மா இருந்தப்ப வந்திருக்கணும் நீ. இருந்தாலும் அவளுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. நான் எடுக்கலன்னு அவளுக்குத் தெரியும். அவ ஒருத்திக்குத்தான் தெரியும்."

திருகாணியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குக் கடுதாசி நல்லா எழுத வருமா?" என்று கேட்டார்.

அவருக்கு ஒரு தங்கை. அப்போது பதினைந்து வயது. ஊரே சொன்னதை அவளும் நம்பியிருக்கிறாள். சிறையில் இருந்து வந்தவரிடம், "என் முகத்துல முழிக்காத" என்று சொன்னவள், கல்யாணமாகிப் போனபின் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவளைக் குத்தம் சொல்ல முடியாது. சின்னப் பொண்ணு. நான் எழுதினா கிழிச்சுப் போட்டுருவா. நீ எழுது. உன் கையால எழுது, உன் பேரைப் போட்டு எழுது" என்றார்.

அந்தக் கடிதத்தை அவர் கடைப் பெட்டியின் மேல் வைத்தே எழுதினேன். உனக்கு எழுதியதைவிட அது சின்னது. ஆனால் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். என் விலாசத்தோடு உன் வீட்டு விலாசத்தையும் எழுதியிருக்கிறேன். கேட்காமல் செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மியூசியத்துக்குப் போனேன். அவரும் கூட வந்தார். முப்பத்துநான்கு வருஷத்தில் அந்த வாசலைத் தாண்டியதில்லையாம். உள்ளே வர மாட்டேன் என்று வராந்தாவில் நின்றுகொண்டார். அதிகாரி நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, என்னையும் நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார். அவர் குற்றமற்றவர் என்று பதிவேட்டில் திருத்தம் வரும், கோர்ட்டுக்கும் எழுதுவார்களாம். என்னைக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். "கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். என்னால உறுதியா சொல்ல முடியாது" என்றார். பயம் போகவில்லை. ஆனால் இந்த முறை எதற்குப் பயப்படுகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

நாளைக் காலை முதல் பஸ். இதை விடுதி மேனேஜரிடம் கொடுத்து உன் வீட்டில் சேர்க்கச் சொல்கிறேன்.

அக்கா.


6 மே 1996

அக்கா,

விடுதி மேனேஜர் உன் கடிதத்தைக் கொண்டு வந்தபோது மணி ஒன்பது. சட்டையை மாட்டிக்கொண்டே பஸ் நிலையத்துக்கு ஓடினேன். உன் பஸ் ஐந்தரைக்கே போய்விட்டது என்றார்கள். என் மகள் இரண்டு நாள் முன்னாலேயே சொன்னாள், "ஒரு அம்மா வந்தாங்கப்பா, உங்க மாதிரியே மூக்கு." அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் பக்கத்துச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கொடுத்துவிட்டேன். ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது. சிலர் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் வந்தால் நிறுத்திக்கொள்கிறார்கள். படத்தைக் கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். முடியவில்லை. இறங்கிவிட்டேன். அது அங்கேயே இருக்கிறது.

நான் கடைக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்" என்றார். நாற்பத்திரண்டு வயதுக்காரனைப் பார்த்து.

அவர் தங்கையிடம் இருந்து பதிலே வரவில்லை. தினமும் சாயங்காலம் என் அலுவலக வாசலுக்கு வந்து, "வீட்டுக்குத் தபால் ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. இரண்டு வாரம் கழித்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. கேட்காமல், சும்மா அந்தப் பக்கம் நடந்துவிட்டுப் போவார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு வாசலில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். இரண்டு பெரிய பைகள், வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். கையில் உன் கடிதம். மடிப்பெல்லாம் கிழிந்து, எத்தனை முறை பிரித்துப் படித்தாரோ.

"இதுல எழுதியிருக்கிறது நெஜமா?" என்றார்.

"நெஜம்மா. எழுதினது எங்க அக்கா."

"எனக்கு அண்ணன் முகமே மறந்துபோச்சு. நான் போனா உள்ள விடுவாரா?"

பைகளை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். வழியில் அவர் இரண்டு இடத்தில் நின்றார். மூச்சு வாங்குகிறது என்றார். மூச்சு வாங்கவில்லை, பயம். அது எனக்குத் தெரிந்தது. பஸ் நிலைய முனையில், "இன்னொரு நாள் வர்றேனே" என்று திரும்பவே பார்த்தார். நான் பைகளைக் கொடுக்கவில்லை.

கடையில் அவர் குனிந்து குடைக்கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்ற நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கம்பியைக் கீழே வைத்தார்.

"நீ அம்மா மாதிரியே ஆயிட்டியே" என்றார்.

பைகளை வாசலில் வைத்துவிட்டு நான் வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நேற்று முடியவில்லை. இன்றுதான் முடிக்கிறேன்.

உன் மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். அது போகவில்லை. அதை வைத்துக்கொண்டே கேட்கிறேன், எப்போது வருகிறாய்? அத்தானையும் கூட்டி வா. விடுதியில் தங்காதே.

தம்பி.